பழைய காரின் பூர்வோத்தரம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அண்மை ஆண்டுகளில் விற்பனையாகும் புதிய கார்கள் ஆண்டொன்றுக்குச் சுமார் ஒன்றரைக் கோடி என்றால், ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும் பழைய கார்கள் மூன்றரைக் கோடிக்கும் மேல். ஆகவே அந்த நாட்டில் கார் வாங்குவது என்பது, பெரும்பாலான குடும்பங்களைப் பொறுத்தவரை, முன்பின் அறியாத ஒருவர் பல ஆண்டுகள் ஓட்டிய காரை வாங்குவதேயாகும். நம் ஊர்களிலிருந்து மேற்படிப்புக்காக டெக்ஸாஸுக்கும் ஒஹையோவுக்கும் போய் இறங்குகிற பிள்ளைகள், பஸ்ஸும் ரயிலும் அதிகமில்லாத பல்கலைக்கழக ஊர்களில் வேறு வழியின்றி முதல் ஆண்டிலேயே செய்ய நேருகிற பெரிய செலவும் இதுதான். இப்படி வாங்கப் போகிறவருடைய கையில் இன்று பெரும்பாலும் ஓர் அறிக்கை இருக்கிறது. காருக்கு எத்தனை சொந்தக்காரர்கள் இருந்தார்கள், எந்தெந்த மாநிலங்களில் அது பதிவாகியிருந்தது, எந்தத் தேதியில் எத்தனை மைல் ஓடியிருந்தது, எங்கே ஆயில் மாற்றினார்கள் என்பதையெல்லாம் தேதி வரிசையில் சொல்லிக்கொண்டு போகும் அந்த வாகன சரித்திர அறிக்கையில், வாங்குகிறவருடைய கண் முதலில் தேடிச் சென்று நிலைப்பது, விபத்தோ சேதமோ எதுவும் தங்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை என்று அறிக்கை தயாரித்த ஸ்தாபனம் கூறுகிற ஒரு வரியில்தான்.

அந்த வரியை எழுதியவர் ஒன்றைச் சொல்ல, படிப்பவர் வேறொன்றைப் புரிந்துகொள்கிறார். எழுதிய ஸ்தாபனம் தன்னிடம் வந்து சேர்ந்த பதிவுகளைப் பற்றிப் பேசுகிறது. படிப்பவரோ அதைக் காரைப் பற்றிய தீர்ப்பாகவே ஏற்றுக்கொண்டு, மெக்கானிக்கை அழைத்து வரும் சிரமத்தையும் செலவையும் தவிர்த்துவிட்டு, கையெழுத்துப் போடுகிறார். நீதிமன்றத்தில் ஒரு சாட்சி தாம் எதையும் பார்க்கவில்லை என்று சொன்னால், ஆகையால் சம்பவமே நடக்கவில்லை என்று எந்த நீதிபதியும் முடிவு கட்டிவிடமாட்டார். சாட்சி அந்த வேளையில் எங்கே நின்றுகொண்டிருந்தார், அவர் நின்ற இடத்திலிருந்து சம்பவ ஸ்தலம் கண்ணுக்குத் தெரியுமா என்றுதான் முதலில் விசாரிப்பார். வாகன சரித்திர அறிக்கையின் நம்பகத்தன்மையை ஆராய்வதற்கும் அந்த விசாரணையே முறையான ஆரம்பம் என்பது என் அபிப்பிராயம்.

இந்த வியாபாரம் தோன்றியதற்கு நியாயமான காரணம் இருந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1970-ல் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப், பழைய கார்ச் சந்தையையே உதாரணமாக எடுத்துக்கொண்டு எழுதிய கட்டுரை ஒன்றில், விற்பவருக்குத் தெரிந்த விஷயம் வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் நல்ல சரக்குக்கும் மட்டமான சரக்குக்கும் ஏறக்குறைய ஒரே விலைதான் கிடைக்கும் என்றும், அந்த விலைக்கு விற்க மனமில்லாமல் நல்ல சரக்கை வைத்திருப்பவர் மெல்ல மெல்ல ஒதுங்கிப்போக, கடைசியில் சந்தையில் மிஞ்சுவது மட்டமான சரக்கே என்றும் தர்க்கரீதியாக நிறுவிக்காட்டினார். சில சஞ்சிகைகள் ஏற்க மறுத்துத் திருப்பியனுப்பிய அந்தக் கட்டுரைதான் 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு மூலகாரணம். அவர் விவரித்த அறியாமைக்கு மருந்து தகவல்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. 1984-ல் மிசௌரி மாநிலத்துக் கொலம்பியா நகரில் தொடங்கப்பட்ட கார்ஃபேக்ஸ் ஸ்தாபனம் அந்த மருந்தைத்தான் கொடுக்க முன்வந்தது. ஓடோமீட்டரைத் திருப்பி வைத்து, ஒரு லட்சம் மைல் ஓடிய காரை நாற்பதாயிரம் மைல் ஓடியதாகச் சொல்லி விற்கும் மோசடி, 1972-லேயே மத்திய அரசாங்கம் சட்டமியற்றித் தடை செய்திருந்தும், ஓயாமல் நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்த மோசடியைக் கண்டுபிடிக்க, வெவ்வேறு தேதிகளில் வெவ்வேறு இடங்களில் பதிவான மைல் கணக்குகளைச் சேர்த்து ஒன்றோடொன்று ஒப்பிட்டு, வியாபாரிகளுக்கு அந்த ஸ்தாபனம் ஃபேக்ஸ் மூலம் அனுப்பி வைத்தது. 1981-ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து ஒவ்வொரு வண்டிக்கும் எழுத்தும் எண்ணுமாகப் பதினேழு குறிகள் கொண்ட ஒரே மாதிரியான அடையாள எண் இருக்க வேண்டும் என்று அரசாங்கம் விதித்திராவிட்டால், இந்த ஒப்பீட்டை நாடு தழுவிய அளவில் செய்வது சாத்தியமாகியிராது. பின்னர், கடன் பெறுவோரின் நாணயத்தைக் கணித்துச் சொல்லும் எக்ஸ்பீரியன் ஸ்தாபனத்தின் ஆட்டோசெக் என்ற அறிக்கையும் போட்டிக்கு வந்து சேர்ந்தது.

ஓடோமீட்டர் விவகாரத்தில் இந்த அறிக்கைகள் செய்திருக்கும் உபகாரம் மெய்யானது. மைல் கணக்கு ஏறிக்கொண்டேதான் போக முடியும். இடையில் ஒரு பதிவு இறங்கியிருந்தால் அதற்கு வேறு வியாக்கியானம் தேவையில்லை. ஆயினும் இங்கேகூட மோசடி அற்றுப் போய்விடவில்லை. பொய்யான மைல் கணக்குடன் அமெரிக்காவில் ஆண்டுதோறும் நாலரை லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் விற்கப்படுகின்றன என்பதும், அதனால் வாங்குவோருக்கு நேரும் நஷ்டம் 100 கோடி டாலருக்கும் அதிகம் என்பதும் அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் மதிப்பீடு. பற்சக்கரங்கள் சுழன்ற பழைய மீட்டரைத் திருப்பினால் இலக்கங்கள் கோணலாக நிற்கும். டிஜிட்டல் மீட்டரிலோ, சிறு கருவி ஒன்றைச் செருகிச் சில நிமிஷங்களில் எண்ணை மாற்றிவிடலாம், கண்ணுக்குத் தெரியும் தடயம் ஒன்றும் இராது. இரண்டு பதிவுகளுக்கு நடுவே மூன்றாண்டு இடைவெளி விழுந்திருந்தால், அந்த இடைவெளியில் ஓடிய தூரத்தில் பெரும் பகுதியைக் குறைத்துவிட்டு, முந்தைய பதிவைவிடச் சற்று அதிகமான ஓர் எண்ணை நிறுத்தி வைத்தவனை எந்த அறிக்கையாலும் பிடிக்க முடியாது. மேலும், பத்து ஆண்டுகளைக் கடந்த காரை விற்பவர் மைல் கணக்கை எழுத்து மூலம் உறுதி செய்யத் தேவையில்லை என்று நெடுங்காலம் விலக்கு இருந்தது. 2011-ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து அந்த வரம்பு இருபது ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. கார்களின் ஆயுள் கூடிவிட்டதை உணர்ந்து செய்யப்பட்ட நல்ல திருத்தம் அது.

ஆனால் மைல் கணக்கில் சம்பாதித்த நற்பெயரை வைத்துக்கொண்டு, விபத்து என்ற முற்றிலும் வேறான விஷயத்திலும் அறிக்கை அதே நம்பிக்கையைப் பெற்றுவிட்டது, அங்கேதான் கோளாறு. மாநில வாகன இலாகாக்கள் உரிமைப் பத்திரத்தை மாற்றும்போது குறித்துக்கொள்கிற விவரங்கள், புகைப் பரிசோதனை நிலையங்கள் எழுதி வைக்கும் எண்கள், ஏலக் கம்பெனிகளின் சீட்டுகள், சில போலீஸ் இலாகாக்களின் விபத்துக் குறிப்புகள், சில இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் இஷ்டப்பட்டுக் கொடுக்கும் தகவல்கள், கணினியில் கணக்கு வைத்திருக்கும் பழுதுபார்ப்புக் கடைகளின் பில்கள் ஆகியவையெல்லாம் அந்தப் பதினேழு குறி அடையாள எண்ணின் கீழ்த் திரட்டப்பட்டு அறிக்கையாகின்றன. இவற்றில் ஒன்றுகூட, நாளைக்கு இந்தக் காரை வாங்கப் போகும் ஒருவருக்கு உண்மை தெரிய வேண்டும் என்ற உத்தேசத்துடன் எழுதப்பட்டதன்று. வரி வசூலுக்காக, வழக்குக்காக, கணக்குத் தணிக்கைக்காக எழுதப்பட்டவை அவை. வேறு காரியத்துக்காக எழுதப்பட்ட குறிப்புகளிலிருந்து ஒரு காரின் சரித்திரத்தை ஊகித்தறிகிறோம் என்பதை மறவாதிருந்தால், எதையெல்லாம் அது சொல்லாமல் விடக்கூடும் என்பதும் விளங்கிவிடும்.

சூப்பர் மார்க்கெட் வாசலில் இரண்டு கார்கள் மோதிக்கொள்கின்றன என்று வைத்துக்கொள்வோம். யாருக்கும் காயமில்லை, போலீஸை யாரும் கூப்பிடவில்லை. இன்ஷூரன்ஸில் கேட்டால் முதல் ஐந்நூறு அல்லது ஆயிரம் டாலரைச் சொந்தக்காரரே ஏற்க வேண்டும் என்பதோடு அடுத்த ஆண்டு பிரீமியமும் உயரக்கூடும் என்பதால், இருவரும் கைப்பணத்திலேயே கணக்கை முடித்துக்கொள்கிறார்கள். டிங்கரிங்கும் பெயிண்ட்டும் தெருக்கோடியில் இருக்கும் சிறிய ஒர்க்‌ஷாப்பில் நடக்கின்றன. அந்த ஒர்க்‌ஷாப்புக்கு எந்தத் தகவல் ஸ்தாபனத்தோடும் சம்பந்தமில்லை, இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. முன்பக்கத்துச் சட்டம் வளைந்து நிமிர்த்தப்பட்ட அந்தக் காரின் அறிக்கை, நேற்று எப்படி இருந்ததோ அப்படியே இன்றும் மாசில்லாமல் இருக்கும். இதில் யாரும் சட்டத்தை மீறவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நூற்றுக்கணக்கான கார்களை வைத்துக்கொண்டு வாடகைக்கு விடும் பெரிய கம்பெனிகள் பலவும் தம் வண்டிகளின் சேதத்துக்குத் தாமே பொறுப்பேற்றுக்கொண்டு, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போகாமல் தம் சொந்தக் கூடங்களிலேயே பழுது பார்த்துவிடுகின்றன. அந்தக் கார்களும் சில ஆண்டுகளில் பழைய கார்ச் சந்தைக்குத்தான் வருகின்றன. போலீஸ் குறிப்புகளிலோ மாநிலத்துக்கு மாநிலம் வழக்கம் வேறு. தாராளமாகத் தருகிற மாநிலமும் உண்டு, தராத மாநிலமும் உண்டு, விபத்து நடந்து பல மாதம் கழித்துத் தருகிற மாநிலமும் உண்டு.

இனி, சிறு அடிகளை விட்டு, கார் முழுவதுமே போய்விட்டதாக இன்ஷூரன்ஸ் கம்பெனி கணக்குத் தீர்த்துவிட்ட பெரும் சேதங்களை எடுத்துக்கொள்வோம். இவையாவது தப்பாமல் பதிவாகும் என்று நாம் நினைப்பது இயல்பு. அடுத்தடுத்து எல்லை பகிரும் ஓக்லஹோமா, டெக்ஸாஸ் என்ற இரண்டு மாநிலங்களைப் பார்த்தாலே அந்த நினைப்பு கலைந்துவிடும். பழுது பார்க்கும் செலவு காரின் மதிப்பில் 60 சதவிகிதத்தை எட்டினாலே ஓக்லஹோமா அதை முழுநஷ்டமாகக் கருதி உரிமைப் பத்திரத்தில் முத்திரை குத்தச் சொல்கிறது. டெக்ஸாஸில் அந்த வரம்பு 100 சதவிகிதம். அதாவது, மதிப்பில் எண்பது சதவிகிதம் செலவு வைத்த ஒரே மாதிரியான அடி, எல்லைக்கு வடக்கே ஓக்லஹோமாவில் பட்டால் வாழ்நாள் முழுவதும் அந்தக் காரைத் தொடர்ந்து வரும், தெற்கே பட்டால் தடமின்றி மறைந்துபோகும். முத்திரை விழுந்த பத்திரங்களையும் விட்டு வைக்காத ஒரு தந்திரம் நெடுங்காலமாக அங்கே புழங்கி வந்தது. ஒரு மாநிலம் இடும் முத்திரையை இன்னொரு மாநிலம் அதே பெயரில் அங்கீகரிப்பதில்லை என்பதால், காரை அந்த இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோய்ப் புதிய பத்திரம் வாங்கினால் முத்திரை உதிர்ந்துவிடும். பிறகு மூன்றாவது மாநிலத்தில் சுத்தமான பத்திரத்தோடு அதை விற்றுவிடலாம்.

2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோதும், 2012-ல் சாண்டி புயல் நியூயார்க், நியூ ஜெர்ஸிக் கரைகளைத் தாக்கியபோதும், 2017-ல் ஹார்வி புயல் ஹூஸ்டன் நகரை நாட்கணக்கில் நீரில் நிறுத்தி வைத்தபோதும், லட்சக்கணக்கான கார்கள் வெள்ளத்தில் நனைந்தன. வெள்ளம் புகுந்த கார் மற்ற அடிபட்ட காரைப் போன்றதன்று. தகடு நசுங்கினால் கண்ணுக்குத் தெரியும்; கம்பிக் கற்றைகளின் இணைப்புகளுக்குள் புகுந்த சேற்று நீரோ, அதுவும் உப்பு நீராக இருந்தால், வெளியே எல்லாம் துடைத்துப் பளபளவென்று நிற்கும்போதே உள்ளே மாதக்கணக்கில் அரித்துக்கொண்டிருக்கும். ஒரு நாள் நெடுஞ்சாலையில் என்ஜின் நின்றுபோகும். அல்லது, விபத்து நேர்ந்த க்ஷணத்தில் விரிய வேண்டிய காற்றுப்பை விரியாது. பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்ல முடியாத இடம் இது. இன்ஷூரன்ஸ் எடுக்காத, அல்லது வெள்ளச் சேதத்துக்குப் பொருந்தாத குறைந்தபட்ச இன்ஷூரன்ஸ் மட்டும் எடுத்த சொந்தக்காரருடைய கார் நனைந்தால், அதை யாரும் யாரிடமும் தெரிவிக்க வேண்டிய அவசியமே ஏற்படுவதில்லை.

இந்தக் குறையை அமெரிக்க அரசாங்கம் அறியாமல் இருந்ததா என்றால், இல்லை. எல்லா மாநிலங்களின் உரிமைப் பத்திர விவரங்களையும் முழுநஷ்டக் கணக்குகளையும் உடைசல் கூடங்களின் பதிவுகளையும் ஒரே இடத்தில் திரட்டும் தேசியத் தகவல் அமைப்பு ஒன்றை ஏற்படுத்த வேண்டும் என்று 1992-லேயே காங்கிரஸ் சட்டம் செய்தது. பொறுப்பு ஓர் இலாகாவிலிருந்து இன்னோர் இலாகாவுக்கு மாறியது, ஆண்டுகள் கழிந்தன. நுகர்வோர் சங்கங்கள் 2008-ல் நீதிமன்றத்துக்குப் போய் உத்தரவு வாங்கிய பின்னரே, 2009 ஜனவரியில், பொதுமக்கள் அந்தப் பதிவேட்டைப் பார்க்கும் வழி பிறந்தது. சட்டத்துக்கும் அது பயன்பட்டதற்கும் இடையில் ஓடிய அந்தப் பதினாறு ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில்தான் கத்ரீனாவும் வந்து போயிற்று. அதே காலத்தில், 2005 ஜனவரியில், அந்த நாட்டின் மாபெரும் கார் இன்ஷூரன்ஸ் கம்பெனியான ஸ்டேட் ஃபார்ம், முழுநஷ்டமான சுமார் 30,000 கார்களை உரிய முத்திரையின்றி விற்றுவிட்ட விவகாரத்தில், மாநில அட்டர்னி ஜெனரல்களுடன் உடன்பாடு செய்துகொண்டு 4 கோடி டாலர் நஷ்டஈடு கொடுக்க இசைந்தது. சட்டம் கைவிட்ட இடத்தை நிரப்பத்தான் தனியார் அறிக்கைகள் செழித்து வளர்ந்தன என்பதையும், கட்டாயமில்லாத இடத்தில் பெரிய கம்பெனியின் அசட்டைகூட எத்தனை ஆயிரம் குடும்பங்களின் தலையில் விடியும் என்பதையும் ஒருங்கே காட்டுகிற நிகழ்ச்சி அது.

இன்று அந்தத் தேசியப் பதிவேடு இயங்குகிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் உடைசல் கூடங்களும் மாதந்தோறும் அதற்குத் தகவல் கொடுக்கச் சட்டப்படி கடமைப்பட்டிருக்கின்றன. ஆனால் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் கடமையை நடப்பு ஆண்டு மாடலுக்கும் அதற்கு முந்தைய நான்கு ஆண்டு மாடல்களுக்கும் மட்டுமே விதித்திருக்கிறார்கள். ஏழெட்டு வருஷத்துக் காரை வாங்குகிறவர்கள்தாம் பெரும்பாலும் கையில் காசு குறைந்தவர்கள். அவர்களுக்குப் பிரயோஜனப்பட வேண்டிய இடத்தில் கடமையைத் தளர்த்தியிருப்பதை என்னால் நியாயம் என்று ஒப்புக்கொள்ள இயலவில்லை.

இதுவரை சொன்னவை அறிக்கைக்கு எட்டாத விஷயங்கள். அறிக்கையே உண்டாக்கிய விஷயம் ஒன்று இருக்கிறது. இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாக வற்புறுத்த விரும்புவது அதைத்தான். மாசற்ற அறிக்கையுள்ள காருக்குக் கூடுதல் விலை கிடைக்கும் என்பது நாடெங்கும் தெரிந்துபோன மறு நாளிலிருந்து, அறிக்கையை மாசுபடாமல் வைத்திருப்பதற்கும் ஒரு விலை ஏற்பட்டுவிட்டது. ஆயிரத்தைந்நூறு டாலர் சேதத்தை இன்ஷூரன்ஸில் கேட்டு வாங்கினால், மூன்றாண்டு கழித்து விற்கும்போது இரண்டாயிரம் டாலர் குறைத்துக் கேட்பார்கள் என்று கணக்குப் போடத் தெரிந்த சொந்தக்காரர், கேட்காமல் இருந்துவிடுகிறார். போலீஸைக் கூப்பிட வேண்டாம் என்று எதிராளியைக் கேட்டுக்கொள்கிறார். பெரிய ஒர்க்‌ஷாப்பை விட்டு, பில் போடாத சிறிய இடத்துக்குப் போகிறார். அறிக்கையைப் பார்த்து வாங்குவோர் எவ்வளவு பெருகுகிறார்களோ, அந்த அளவுக்கு, அதற்குள் வந்து சேர வேண்டிய உண்மைகள் வெளியிலேயே நின்றுவிடுவதற்கான காரணமும் பெருகுகிறது. உஷ்ணமானியால் அளந்தால் வெயில் குறைவதில்லை; மனிதர்களின் நடத்தையை அளக்கத் தொடங்கினாலோ, அளக்கப்படுகிறவர்கள் அதை அறிந்துகொண்டு தங்கள் நடத்தையை மாற்றிக்கொள்கிறார்கள்.

இதன் விளைவாக நேர்மையாளருக்கு நேரும் அநீதியை யாரும் போதிய அளவு எடுத்துச் சொல்வதில்லை. பின்னால் வந்த கார் இடித்து பம்ப்பர் நசுங்கியதும், ஒழுங்காகப் போலீஸுக்கும் தெரிவித்து, இன்ஷூரன்ஸுக்கும் எழுதி, கார்க் கம்பெனியின் சொந்த ஒர்க்‌ஷாப்பிலேயே அசல் பாகங்கள் போட்டுச் சீர் செய்துகொண்டவருடைய காரின் மேல் 'விபத்து' என்ற சொல் நிரந்தரமாக ஒட்டிக்கொள்கிறது. சட்டமே வளைந்துபோன காரை மலிவான இடத்தில் தட்டி நிமிர்த்தி மறைத்தவருடைய கார் நிர்மலமாக நிற்கிறது. இரண்டு கார்களும் அடுத்தடுத்து நிற்கும்போது, அறிக்கையை மட்டும் படிக்கிறவர் எதை வாங்குவார்? சிறிய சேதம், நடுத்தரச் சேதம், பெரிய சேதம் என்று அறிக்கைகள் இப்போது தரம் பிரித்துச் சொல்லத்தான் செய்கின்றன. அந்தத் தரப்பிரிவும் பெரும்பாலும் சம்பவ இடத்தில் நின்ற போலீஸ்காரர் வெளித்தோற்றத்தைப் பார்த்துப் படிவத்தில் இட்ட அடையாளத்தையே ஆதாரமாகக் கொள்கிறது. அகர்லாஃப் அஞ்சியது நல்ல கார் சந்தையைவிட்டு ஒதுங்குவதைப் பற்றி. நல்ல பதிவு ஒதுங்கிப் போவது அதே நோயின் இன்னொரு ரூபம்.

ஆகவே அறிக்கையைப் படிக்கும் முறை ஒன்று உண்டு. அதில் ஒரு குற்றம் எழுதியிருந்தால் அதைப் பெரும்பாலும் நம்பலாம். எண்ணைத் தவறாகப் பதித்ததால் வேறொரு காரின் குற்றம் இந்தக் காரின் மேல் விழுந்துவிடுவது உண்டு என்றாலும், விசாரித்தால் அது வெளிப்பட்டுவிடும். குற்றம் எதுவும் எழுதியிராவிட்டால், அதிலிருந்து கிடைக்கும் நிச்சயம் மிகக் கொஞ்சம். காரை நிராகரிப்பதற்கு அறிக்கை போதுமான ஆதாரம், ஏற்றுக்கொள்வதற்கு அது போதாது. விற்பனைக் கூடங்களில் இந்த அறிக்கை வாங்குபவருக்கு இலவசமாகவே கொடுக்கப்படுகிறது என்பதையும், அதற்குச் சந்தா கட்டுகிறவர் விற்பவர் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்வது நல்லது. இதில் வஞ்சனை இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் விற்பவர் தாமாக முன்வந்து நீட்டும் சான்று, வாங்குபவரின் மனத்திலுள்ள விசாரணை வேகத்தைத் தணித்துவிடுகிறது. பழைய காரை விற்கும் ஒவ்வொரு வியாபாரியும் கண்ணாடியில் ஒட்ட வேண்டிய அறிவிப்பில், தனி மெக்கானிக்கைக் கொண்டு சோதித்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள் என்ற வாசகத்தோடு, 2017 முதல் வாகன சரித்திர அறிக்கையையும் வாங்கிப் பாருங்கள் என்ற வாசகத்தையும் மத்திய வர்த்தகக் கமிஷன் சேர்த்திருக்கிறது. இரண்டும் வேண்டும் என்பதுதான் அந்த அறிவிப்பின் தாத்பரியம்.

மெக்கானிக்கின் கண்ணுக்கு அகப்படுகிறவை அறிக்கையில் எந்நாளும் ஏறுவதில்லை. ஸீட் பெல்ட்டை அதன் கடைசி முனை வரை இழுத்துப் பார்த்தால், துடைப்பவர் கைக்கு எட்டாத பகுதியில் வெள்ளக் கறை வரி வரியாகத் தெரியும். ஸீட்டைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளில் துரு ஏறியிருந்தால், மழையில் ஜன்னல் திறந்திருந்தது என்ற சமாதானம் எடுபடாது. ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் அது தயாரான காலத்தின் குறி இருக்கும். மற்றவை ஒரு வருஷத்தையும் ஒன்று மட்டும் வேறு வருஷத்தையும் காட்டினால் அந்தப் பக்கம் ஏன் மாற்றப்பட்டது என்று கேட்க வேண்டும். பெயிண்ட்டின் தடிப்பை அளக்கும் கருவி, ஒரு கதவில் மட்டும் இரட்டிப்பு எண்ணைக் காட்டினால், அதன் கீழே பட்டி பூசியிருப்பதை அனுமானிக்கலாம். டிக்கியின் தரைவிரிப்பைத் தூக்கினால் தொழிற்சாலையில் இட்ட வெல்டிங்கும் பின்னால் கையால் இட்ட வெல்டிங்கும் வித்தியாசமாகத் தெரியும். முப்பதாயிரம் மைல் மட்டுமே ஓடியதாகச் சொல்லப்படும் காரின் பிரேக் மிதியில் ரப்பர் வழவழத்துத் தேய்ந்திருந்தால், மீட்டரை நம்புவதா மிதியை நம்புவதா என்பதில் தயக்கம் வேண்டியதில்லை. இவற்றைப் பார்த்துச் சொல்லும் மெக்கானிக்குக் கொடுக்கும் நூறு, இருநூறு டாலர், காரின் விலையில் அற்பமான ஓர் அம்சம். ஊருக்குப் புதிதாக வந்த மாணவர், விற்பவர் அவசரப்படுத்துகிறார் என்பதற்காகவும், அறிக்கைதான் சுத்தமாக இருக்கிறதே என்பதற்காகவும், அந்தத் தொகையை மிச்சம் பிடிப்பதுதான் வருத்தத்துக்குரியது.

வாங்குபவரின் ஜாக்கிரதைக்கே எல்லாவற்றையும் விட்டுவிடுவது அரசாங்கத்துக்கு அழகன்று. கலிபோர்னியா மாநிலம் 2012 ஜூலை முதல், வியாபாரிகள் எந்தப் பழைய காரையும் விற்பனைக்கு வைக்குமுன் தேசியப் பதிவேட்டில் அதைத் தேடிப் பார்த்தாக வேண்டும் என்றும், முழுநஷ்ட முத்திரையோ வெள்ள முத்திரையோ இருந்தால் சிவப்பு எச்சரிக்கைச் சீட்டைக் காரிலேயே ஒட்டியாக வேண்டும் என்றும் விதித்திருக்கிறது. தேடும் கடமை இதனால் வாங்குபவரிடமிருந்து விற்பவருக்கு மாறுகிறது. மற்ற மாநிலங்களும் இதை எப்போதோ பின்பற்றியிருக்க வேண்டும். அறிக்கை ஸ்தாபனங்கள்மீதும் ஒரு கடமை சுமத்தலாம். எந்தெந்த மாநிலங்களின் போலீஸ் குறிப்புகள் தங்களுக்குக் கிடைக்கின்றன, எவை கிடைப்பதில்லை, இந்தக் காரைப் பற்றிய பதிவுகளில் எந்தக் காலம் முழுவதும் வெற்றிடமாக இருக்கிறது என்பதை, அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் அல்லாமல், விபத்து பற்றிய வரிக்குப் பக்கத்திலேயே அதே அளவு எழுத்தில் அச்சிடச் சொல்ல வேண்டும்.

நம் நாட்டில் இந்த அறிக்கையின் ஆரம்ப ரூபம் இப்போதுதான் உருவாகிவருகிறது என்பதால், அமெரிக்க அனுபவம் நமக்கு வெறும் அயல்நாட்டுச் செய்தியன்று. 'வாஹன்' என்ற தேசியப் பதிவேடும் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் எம்-பரிவாஹன் செயலியும் காரின் பதிவுத் தேதி, எரிபொருள், இன்ஷூரன்ஸ் காலாவதி, தகுதிச் சான்றின் காலம் ஆகியவற்றைச் சொல்கின்றன. பழைய கார் புரோக்கரின் வாய்மொழியை மட்டும் நம்பியிருந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய அனுகூலம். ஆனால் அந்தக் கார் அடிபட்டதா, நனைந்ததா, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதை அவை சொல்வதில்லை. 2015 டிசம்பரில் சென்னைப் பகுதியில் வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் கூரை வரை மூழ்கி நின்ற கார்களையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணைத் தெருக்களில் மிதந்த கார்களையும் நாம் கண்ணால் கண்டோம். அவற்றில் பழுது நீக்கப்பட்டு வேறு ஊர்களுக்கு விற்பனைக்குப் போனவற்றின் ஆர்.சி. புத்தகத்தில் அந்த வெள்ளத்தின் சுவடு எதுவும் இருக்காது. நிரந்தரமாக உபயோகமற்றுப் போன வண்டியைப் பற்றிச் சொந்தக்காரர் பதினான்கு நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு சொல்கிறது. உபயோகமற்றுப் போகாமல், இன்ஷூரன்ஸ் கம்பெனி மட்டும் முழுநஷ்டமாகக் கணக்குத் தீர்த்து ஏலத்தில் விட்ட வண்டிகளுக்கு அந்தப் பிரிவு போதுமானதன்று. சாலை விபத்துகளைச் சம்பவ இடத்திலிருந்தே மின்னணு முறையில் பதிவு செய்வதற்குச் சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய ஒருங்கிணைந்த விபத்துத் தரவு முறை இன்று போலீஸார் கையில் இருக்கிறது. அதில் பதிவாகும் வண்டிகளின் சேத விவரத்தையும், இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் முழுநஷ்டக் கணக்கையும், மாடல் ஆண்டு வரம்பு எதுவுமின்றி, வாஹன் பதிவேட்டோடு இணைப்பதற்குத் தொழில்நுட்பத் தடை இருப்பதாகத் தோன்றவில்லை. வேண்டியது சட்டக் கட்டாயம்.

பழைய கார் வியாபாரிகள் அதிகாரபூர்வமாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 2022 டிசம்பரில் வெளியிடப்பட்டு 2023 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த மத்திய விதிகள், வியாபாரியின் கையில் இருக்கும் காலத்தில் அந்த வண்டி எதற்காக வெளியே எடுக்கப்பட்டது, யார் ஓட்டினார், எவ்வளவு தூரம் ஓடியது என்பதை மின்னணுப் பதிவேட்டில் குறித்து வைக்கச் சொல்கின்றன. சில வாரங்களுக்கான இந்தக் கணக்கைக் கேட்கத் துணிந்த அரசாங்கம், அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளுக்கான கணக்கையும் கேட்கலாம்: இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போதும், புகைச் சான்று வாங்கும்போதும், பெயர் மாற்றும்போதும் ஓடோமீட்டரின் எண்ணைக் கட்டாயமாகக் குறித்து வாஹனில் ஏற்ற வேண்டும் என்று ஒரு விதி செய்தால், அடுத்த பெருவெள்ளம் வருவதற்குள் அந்தப் பதிவேடு நம் ஊர்ச் சந்தைக்கு உதவத் தொடங்கிவிடும்.